பதினைந்து மணி நேரம்

டொராண்டோவிலிருந்து திருச்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வேன். விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் எவ்வளவு, நடுவில் இறங்கிக் காத்துக் கிடக்கும் நேரம் எவ்வளவு, வெளியே வந்து கார் பிடித்துச் செந்துறைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர எவ்வளவு, எல்லாம் தனித்தனியாகச் சொல்வேன். தெரிந்திருக்க வேண்டிய அன்றைக்குத் தெரியவில்லை. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பெரம்பலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. வரலாறும் குடிமையியலும் பாடப் புத்தகத்தில் இருக்கிற அளவுக்கு நடத்துவேன். பூகோளம் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே நடத்துவேன். தீர்க்கரேகைப் பாடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடும். நான் விடமாட்டேன். ஜன்னலைச் சாத்தி, டார்ச் விளக்கை அடித்து, உருண்டையைச் சுற்றிக் காட்டி, நமக்குக் காலை என்றால் அங்கே முந்தின நாள் இரவு என்பதை மண்டையில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை. எங்கள் ஊரிலும் எனக்கு அந்தப் பெயர் உண்டு. யாருடைய மகனாவது சிங்கப்பூரிலிருந்து எத்தனை மணிக்குப் போன் செய்வான் என்று கேட்க வேண்டுமானால் என்னிடம்தான் கேட்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. கொஞ்சமென்ன, நிறையவே இருந்தது.

என் ஒரே தம்பி டொராண்டோவுக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. அவன் கிளம்புவதற்கு முந்தின வாரம், தலைமை ஆசிரியரிடம் கேட்டு பள்ளிக்கூடத்து உலக உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அம்மா வாசலில் முந்திரிக்கொட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "இதோ நாம, இதோ அவன்" என்று தொட்டுக் காட்டினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது, அந்தாண்ட பக்கம்ல இருக்கு" என்றாள்.

பூக்கட்டும் நூலை எடுத்து நம்ம ஊரில் ஒரு முனையையும் டொராண்டோவில் மறு முனையையும் வைத்து இழுத்துப் பிடித்தேன். நூல் வடக்கே ஏறிப் பனிப் பிரதேசத்தை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியது. குறுக்கு வழி அதுதான் என்றேன்.

"பனியில பிளேன் வழுக்கிடாதா?"

சிரித்தேன். அதெல்லாம் வழுக்காது என்றேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நூலையே பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுன்னா வந்துருவானா?"

"ஒரே நாள்ல வந்துருவாம்மா."

"ஒரு நாள்னா எடுக்காம வைப்பாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி முந்திரிக்கொட்டையைப் பரப்பப் போய்விட்டாள்.

போன சித்திரையில் ஒரு புதன்கிழமை, விடிந்தும் விடியாமல் அம்மா குழாயடிக்குப் போனாள். குடத்தைக் கொண்டுவந்து வைத்தவள் மாரை என்னவோ செய்கிறது என்று கட்டிலில் படுத்தாள். செந்துறைக்குக் கொண்டுபோக அப்பா ஆட்டோவுக்குச் சொல்லி, அது தெருவுக்குள் நுழைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு மணிக்கு எனக்குப் போன் வந்தது. நான் தம்பிக்குப் போன் செய்தேன். அவனுக்கு அப்போது செவ்வாய் இரவு. அம்மா போய்விட்டாள் என்றேன். "யாரு, அம்மாவா? அப்பாவுக்குத்தானே சுகர்" என்றான்.

கணவரின் வண்டியில் ஏறி நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஒன்பது மணிக்கு தம்பியே கூப்பிட்டான். "டிக்கெட் போட்டுட்டேன் அக்கா. நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏறுறேன். இதுக்கு முன்னாடி எதுலயும் சீட்டு இல்ல. இப்பவே ஏர்போட்டுக்குக் காரை எடுக்கிறேன்." டொராண்டோ என்று பேருக்குத்தான் சொல்வோம், அவன் இருக்கும் இடத்திலிருந்து விமான நிலையத்துக்கே மூன்று மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். அழுதுகொண்டே ஓட்டாதே என்றேன். சரி என்று வைத்துவிட்டான்.

எப்போது வந்து இறங்குவாய் என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அம்மாவை ஐஸ் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தலைப்பக்கம் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். இது சாக்குதான். உண்மை என்னவென்றால், அவன் ஏறும் நேரம் தெரிந்தால் போதும், மிச்சத்தை நானே கணக்குப் போட்டுக்கொள்வேன் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் முதல் கேள்வி, எப்படிப் போச்சு என்பது. இரண்டாவது, எப்ப எடுக்கிறாங்க என்பது. அந்த நேரத்தைச் சொன்னால்தான் மற்ற எல்லாம் நடக்கும். மைக்கில் சொல்வதும், உறவு முறைக்குப் போன் போடுவதும், கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிப்பதும், குழி வெட்டச் சொல்வதும் அதை வைத்துத்தான். பத்து மணிக்கு ஊர் நாட்டாமை வந்தார். எனக்குப் பெரியப்பா முறை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி எப்பம்மா வருது?"

"கிளம்பிட்டான் பெரியப்பா."

"அதுக்கில்லம்மா. வெள்ளிக்கிழம காலையில அம்மன் கோயில்ல காப்புக் கட்டு. தெரியும்ல உனக்கு? நாளைக்கு விடியக் கருக்கல்ல பசங்க திருமழபாடிக்குப் போறாங்க, தீர்த்தக் குடம் எடுக்க. எடுத்த குடத்த வழியில எறக்க முடியாது. ஊருக்குள்ள ஒரு உசுரு போயிக் கெடந்தா உள்ளயும் கொண்டாற முடியாது. தம்பி வர நேரமாகும்னா இப்பவே சொல்லிடு. அடுத்த வெள்ளிக்குக் காப்ப ஒத்தி வச்சிருவோம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உங்கம்மா கையால சோறு சாப்புடாதவன் இந்தத் தெருவுல கெடையாது."

இதைவிட ஒரு மனிதர் எப்படிக் கேட்பார்? அம்மன் காப்பையே தள்ளி வைக்கிறேன் என்கிறார். நான் செய்ய வேண்டியது, இருங்க பெரியப்பா, தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பதுதான். ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். அவன் எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவனைத் திரும்பத் திரும்பக் கூப்பிடக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

பிறகு போனில் தட்டினேன். திருச்சிக்கும் டொராண்டோவுக்கும் தூரம், விமான நேரம். உடனே ஒரு பக்கம் வந்தது. உலகப் படம், அதில் ஒரு வளைந்த கோடு, கோட்டின் மேல் ஒரு குட்டி விமானம். கோடு நம்ம ஊர்ப்பக்கம் கிளம்பி வடக்கே ஏறிப் பனியை உரசிக்கொண்டு இறங்கியது. ஏழு வருடத்துக்கு முன்னால் நான் பிடித்த அதே நூல். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கீழே கிலோமீட்டரில், மைலில், கடல் மைலில் எல்லாம் போட்டிருந்தது. பதின்மூன்றாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பயண நேரம் பதினைந்து மணி.

நாள் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டேன். அவன் சொன்ன நாளைக்கு என்பது அங்கே புதன்கிழமை, ஏறுவது மத்தியானம் இரண்டு மணி. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், அதனால் வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம்தான், பத்தரை இல்லை. இதைக்கூட மறக்காமல் கணக்கில் சேர்த்தேன். அந்தத் துக்கத்திலும் அது நினைவுக்கு வந்ததில் மனதின் ஒரு மூலையில் எனக்கு ஒரு திருப்தி. நமக்குப் புதன் இரவு பதினொன்றரைக்கு ஏறுகிறான். பதினைந்து கூட்டினால் வியாழன் மத்தியானம் இரண்டரை. திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரம். நாலு மணி.

"ஒத்தி வைக்க வேணாம் பெரியப்பா. நாளைக்கு நாலு மணிக்கு வந்துருவான். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரலாம்."

"நிச்சயமாச் சொல்றியா?"

"நிச்சயமா."

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "டீச்சரே சொல்லிருச்சு. அப்புறம் என்ன" என்று வெளியே நின்றவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அரை மணி நேரத்தில் மைக்கில் சொல்லிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் செந்துறை பஸ் ஸ்டாண்டு பக்கம் அம்மாவின் படத்தோடு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். அம்மா அதில் என் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவையில் இருந்தாள். கீழே வியாழன் மாலை நாலு மணி அளவில் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் இரண்டையும் ஒரே காகிதத்தில் செய்து முடித்திருந்தேன்.

அன்று முழுக்க என் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு, பழைய மாணவர் குழு, ஆசிரியர் சங்கக் குழு, பெரம்பலூர் எங்கள் தெருக் குழு. ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று வந்துகொண்டே இருந்தது. கும்பிடும் கைகளாக வரிசை வரிசையாக வந்தது. நான் எதையும் திறக்கவில்லை. போனைச் சாமி படத்துக்குக் கீழே சார்ஜில் போட்டுவிட்டு ஐஸ் பெட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டேன். தம்பி விமான நிலையம் போய்ச் சேர்ந்ததும் டிக்கெட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருக்கிறான். அது அந்தக் கும்பிடும் கைகளுக்கு அடியில் எங்கோ கிடந்தது.

வியாழக்கிழமை காலையில் உடையார்பாளையத்திலிருந்து அம்மாவின் பிறந்த வீட்டார் கோடித் துணியோடு வந்தார்கள். கொட்டுக்காரர்கள் வந்தார்கள். குழி வெட்டப் போனவர்கள், பாறை இல்லை, நல்ல மண்ணாக வந்தது என்று சொல்லி அனுப்பினார்கள். மத்தியானம் வரைக்கும் எனக்கு ஒரே நினைப்புதான்: தம்பி இப்போது வானத்தில் எங்கே இருப்பான்? நூலை மனதில் வைத்துக்கொண்டு அவனை நகர்த்திக்கொண்டே இருந்தேன். இப்போது பனியைத் தாண்டியிருப்பான். இப்போது கீழே மலைகள் தெரியும். இப்போது கடல்.

ஒரு மணிக்கு அவனே வீடியோவில் கூப்பிட்டான்.

"எறங்கிட்டேன் அக்கா."

"இவ்வளவு சீக்கிரமாவா? ஒரு மணிக்கே திருச்சி வந்துட்டியா?"

"திருச்சியா? துபாய்க்கா. டிக்கெட் அனுப்பியிருந்தேனே. அடுத்த ஃப்ளைட்டு நம்ம டைமுக்கு ராத்திரி ஒரு மணிக்கு. சென்னைக்கு. திருச்சிக்கு எதுலயும் எடம் இல்ல. நாளைக்கு காலையில அஞ்சு மணிக்கு சென்னையில எறங்கி, கார் புடிச்சா பதினோரு மணிக்குள்ள வந்துருவேன்."

அவன் முகத்துக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், அதற்குப் பின்னால் கடைகள், வெளிச்சம், பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் மனிதர்கள்.

"அக்கா? எப்ப எடுக்கிறாங்க? நாளைக்குத்தானே?"

போனைத் தலைகீழாக மடியில் வைத்துவிட்டேன். பிறகு எடுத்து, இரு, பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அப்போதுதான் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து அடி வரைக்கும் படித்தேன். கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. இது நேர்கோட்டுத் தூரத்துக்கான கணக்கு, இந்த இரண்டு ஊர்களுக்கும் நேரடி விமானம் கிடையாது, உண்மைப் பயண நேரம் மாறுபடும். மாறுபடும் என்ற சொல் எவ்வளவு சாதுவாக உட்கார்ந்திருந்தது தெரியுமா? என் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும், டீச்சர், திருச்சியிலிருந்து டொராண்டோவுக்கு பஸ் மாதிரி நேராப் போகுமா என்று. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஓடினேன். நாட்டாமை பெரியப்பா பந்தலுக்கு வெளியே பாடை கட்டுகிற இடத்தில் நின்றிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். போனை எடுத்துத் திருமழபாடிக்குப் போனவர்களைக் கூப்பிட்டார். கொள்ளிடத்தில் முழுகி, கோயிலில் பூசை முடித்து, பத்து மணிக்கே குடத்தைத் தோளில் ஏற்றிவிட்டார்களாம். வழியில் ஒரு கோயிலைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறார்கள்.

"முப்பது பேரு குடத்தோட நடந்து வராங்கம்மா. விடியறப்ப எல்லையில நிப்பாங்க. நேத்தே சொல்லியிருந்தா நான் அனுப்பியே இருக்க மாட்டேன்."

"எங்கம்மா ஒரு ராத்திரி காத்திருக்க மாட்டாங்களா பெரியப்பா?" கத்திவிட்டேன். கொட்டு நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவங்க காத்திருப்பாங்க. குடம் காத்திருக்காதே. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

அவர் உண்மையாகவே என் பதிலுக்காகக் காத்திருந்தார். ஒரு வழி சொன்னால் செய்திருப்பார். நான் நின்றேன், அவரும் நின்றார். பிறகு அவர், "அஞ்சு மணி வரைக்கும் பாப்போம்" என்றார். ஐந்து மணிக்கு என்ன வந்துவிடும்? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தையாவது கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

தம்பியிடம், ஊரில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அந்த இரண்டு சொற்களை நான்தான் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்டான். காப்பு என்றேன். அவன் விமான நிலையத் தரையில், சார்ஜர் போடும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பெரிய குங்குமம் வைத்து அம்மாவை வெளியே கொண்டுவந்தார்கள். வாய்க்கரிசி போடும்போது சித்தப்பா மகன் போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். "இன்னும் கொஞ்சம் கிட்ட" என்று தம்பியின் குரல் கேட்டது. "அக்கா, மூக்குத்தியக் கழட்டிட்டீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். "முகம் வேற மாதிரி இருக்கு" என்றான். பிறகு, "எனக்கும் சேத்து ஒரு பிடி போடு" என்றான்.

ஒரு பிடி எனக்காகப் போட்டேன். இரண்டாவது பிடியை எடுத்தபோது, ரெண்டு தடவை போடக் கூடாதே என்று ஓர் அத்தை முணுமுணுத்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் தலையைக் குனிந்துகொண்டாள். அவனுக்கான அரிசி அம்மாவின் உதட்டில் கொஞ்சம் நின்று கன்னத்தில் வழிந்தது.

எங்கள் ஊரில் பெண்கள் முச்சந்தி வரைக்கும்தான் போக வேண்டும். அதற்கு மேல் ஆண்கள். முச்சந்தியில் பாடையை மூன்று சுற்றுச் சுற்றித் திருப்பினார்கள். மகன் இல்லாததால் அப்பாவே தண்ணீர்க் குடம் தூக்கினார். எழுபத்து நாலு வயது, கால் தள்ளாடியது, இரண்டு பேர் கக்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். சித்தப்பா மகன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். என் தம்பி துபாய்த் தரையில் உட்கார்ந்தபடி என்னைத் தாண்டி மயானத்துக்குப் போனான். நான் பக்கத்தில் இருந்தும் அங்கேயே நின்றுவிட்டேன். ஏரிக்கரையில் ஏறும் வரைக்கும் அந்தப் போனின் வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் பெண்கள் என்னைக் குளிக்க இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் அப்போது நினைவில்லை. அப்பாதான் மறுவாரம் சொன்னார். குழிக்குள் இறக்கும்போது திரும்பிப் பார்த்தாராம். தம்பியின் முகம் பாதி வாய் திறந்தபடி அப்படியே நின்றுபோயிருந்ததாம். "படம் நின்னு போச்சுன்னு தெரிஞ்சுது. சொன்னா எல்லாத்தையும் நிறுத்திட்டுப் போனைத் தூக்கிட்டுக் கரைக்கு ஓடுவானுங்க. பொழுது போயிருச்சு. அதான் நான் சொல்லல" என்றார். மண் தள்ளியதைத் தம்பி பார்க்கவில்லை. அவன் பார்த்த கடைசிக் காட்சி ஏரிக்கரைப் பனைமரமும் யாரோ ஒருவரின் முதுகும்தான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தான். சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தான். ஊரின் மறுபக்கம் மாவிலைத் தோரணம், ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. எங்கள் தெருவில் மட்டும் சத்தம் இல்லை. காரிலிருந்து ஒரே ஒரு பையோடு இறங்கினான். கூடத்தைக் கழுவிவிட்டிருந்தோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எங்கக்கா வச்சிருந்தீங்க?"

காட்டினேன். ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் தரை இன்னும் ஈரமாக இருந்தது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு தரையை உள்ளங்கையால் தடவினான். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். எடுத்ததற்கும் அவன் வந்ததற்கும் நடுவே பதினெட்டு மணி நேரம் என்று மனசு கணக்குப் போட்டது. வேண்டாம் என்றால் கேட்காது அது.

நாட்டாமை பெரியப்பா கையில் காப்போடு வந்தார். காப்புக் கட்டியவர் சாவு வீட்டுக்குள் வரக் கூடாது. எதிரே தெருவில் வெயிலில் நின்றுகொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, ஊர்க்கட்டு அப்படி ஆயிப்போச்சு. எங்க மேல வருத்தம் வச்சுக்காத."

தம்பி வாசலுக்குப் போனான். "ஒரு ராத்திரி பொறுக்க முடியலியா உங்களுக்கு? உங்க சாமி என்ன ஓடியா போயிரும்? நான் ஒருத்தன் பாதி ஒலகத்தைத் தாண்டி வந்துட்டிருக்கேன், ஒரு ராத்திரி முடியலியா?"

"தப்புதான் தம்பி" என்றார் அவர்.

சொல்லும்போது தம்பியின் தோளுக்கு மேலே என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். காப்பையே தள்ளி வைக்கிறேன் என்று சொன்ன மனிதர், ஒரு குற்றமும் செய்யாமல், தன்னைவிட எவ்வளவோ சின்னவனிடம் வெயிலில் நின்று திட்டு வாங்குகிறார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. தம்பிக்கு இந்த உலகத்தில் அம்மா இல்லை, இனி அக்காவும் இல்லாமல் போய்விடுவேனோ என்று இருந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் பதினாறு நாள் ஓட்டினேன். கருமாதி முடியும் வரைக்கும் தம்பி ஊர்க்காரர்கள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊர் மேல் கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் மௌனமாக இருந்தது வேறு காரணத்துக்காக என்று எனக்குத் தெரியாது.

அவன் திரும்பும் நாளில் திருச்சிக்குக் காரில் நானும் போனேன். லால்குடி தாண்டியதும் சொன்னேன். பெரியப்பா கேட்டதையும், நான் போனில் பார்த்ததையும், காலண்டர் தாளையும், டிக்கெட்டைப் பார்க்காமல் விட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றான்.

"யாரு சொன்னா?"

"அப்பா. மூணாம் நாளே சொன்னாரு. நீ கணக்குப் போடறப்ப அவரு பக்கத்துலதானே இருந்தாரு. அவளாச் சொன்னா கேட்டுக்க, நீயாக் கேக்காதன்னாரு. பெரியப்பாவப் போய்ப் பாத்துக் கால்ல விழுந்துட்டு வந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அவன் என் கையைப் பிடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"டிக்கெட்ட அனுப்பிட்டு சும்மா இருந்தேன் பாரு, ஒரு போன் பண்ணியிருக்கணும் நானும்" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "அடுத்த தடவ என்னையக் கேளுக்கா" என்றான்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அடுத்த தடவை என்றால் அது யாருக்கு என்று.

அவனை ஏற்றிவிட்டு ஊருக்கு வந்தபோது அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முந்திரிக்கொட்டை காயும் இடம் காலியாகக் கிடந்தது.

"ஏறிட்டானா?"

"ஏறிட்டாம்பா."

"எப்பப் போய்ச் சேருவான்?"

இந்தத் தடவை எனக்குத் தெரியும். எங்கே இறங்குவான், எவ்வளவு நேரம் காத்திருப்பான், எப்போது மறுபடி ஏறுவான், வீட்டுக்குப் போக எவ்வளவு ஆகும், எல்லாம் சொன்னேன். அப்பா விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டே கேட்டார்.

"வரதுக்கும் இதே நேரந்தானா?"

"ஆமாப்பா. ஆனா டிக்கெட் கெடைக்கணும். அதுக்கு ஒரு அர நாள் சேத்துக்கணும்."

எண்ணி முடித்து விரல்களை மடக்கிக்கொண்டார்.

"நாட்டாமைகிட்ட நானே சொல்லிட்டேன். என்னைய ரெண்டு நாள் வைப்பாங்க. காப்பு இருந்தாலும் தள்ளி வைக்கிறேன்னுட்டாரு" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார். "நீ மட்டும் அவசரப்பட்டு நேரம் சொல்லிடாத பாப்பா."

சரிப்பா என்றேன்.